கொக்கி இல்லாத வீடு

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வண்டல் தீர்ந்துவிட்டது. இன்று காலை கொட்டகை மூலையில் கிடந்த கடைசிக் குவியலைச் சுரண்டி நாற்றுப் பைகளில் போட்டேன். மண்வெட்டி தரையில் உரசின சத்தத்தில் பல் கூசியது. இனி லாரி மண்தான். அந்த மண்ணில் வைத்தால் எலுமிச்சை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது, ரோஜா இலையைக் கொட்டுகிறது, வாங்க வருகிறவர்கள் "போன தடவை மாதிரி இல்லையேக்கா" என்கிறார்கள். நான் என்ன செய்ய? ஆறு எங்கள் தெருவுக்குள் வந்து சில வருஷம் ஆகிறது.

வந்தால் வீடு நாறும். சுவர் ஊறும். கட்டிலைக் கயிற்றில் தொங்கவிட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வராவிட்டால் மண் இல்லை, நர்சரி இல்லை. வா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை, வராதே என்று சொல்லவும் மனசு வரவில்லை. இவரிடம் சொன்னால், "ஆத்துக்கு நீ என்ன மாமியாரா? நீ சொல்லித்தான் வரப்போகுதா?" என்கிறார். வண்டியில் செடியை ஏற்றிக்கொண்டு போவதோடு அவர் வேலை முடிந்தது. வாடினால் பதில் சொல்வது நான்.

காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஒரு செடியை எடுத்த இடத்திலேயே மறுபடி வைத்தேன், எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தங்கச்சியின் புது வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். புது வீடு என்ன, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பெரிய பள்ளம்தான். ஆறு பொங்கினால் எங்கள் தெருவைத் தாண்டி அந்தப் பள்ளத்துக்குள் போய்ப் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்ளும். அதனால்தான் எங்கள் வீட்டில் முழங்காலுக்கு மேல் ஏறியதே இல்லை. இப்போது பள்ளத்தைச் சுற்றி ஒரு கரை எழுப்பி, உள்ளே வரிசை வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள். கரைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தங்கச்சி. எட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம், ஆனால் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் மதில்.

வீடு அழகாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லக்கூடாது. வழவழவென்று வெள்ளைக் கூரை, அதற்குள் பொட்டுப் பொட்டாக விளக்கு. அம்மா சோபாவில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"கொக்கி எங்கடி?"

தங்கச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, இது உங்க தெரு இல்ல. இங்க எதையும் தூக்கிக் கட்ட வேண்டாம்."

எங்கள் தெருவில் வீடு கட்டினால் முதலில் உத்திரத்தில் இரும்புக் கொக்கிதான் மாட்டுவார்கள், பிறகுதான் கதவு. கட்டிலுக்கு நான்கு, ஃபிரிட்ஜுக்கு இரண்டு. கயிறு, கப்பி எல்லாம் பரணில் தயாராக இருக்கும். எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஜன்னல் கட்டைக்கு மேல் ஒரு முழம். அது போதும், எப்போதும் போதுமானதாக இருந்திருக்கிறது.

தங்கச்சி புருஷன் எங்களை வாசல் வரை வழியனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். இன்சூரன்ஸ் வேலை பார்க்கிறவர், பயம் அவருக்குத் தொழில். இவர் அவருக்கு 'பூட்டு' என்றே பேர் வைத்துவிட்டார். எனக்கும் அதுவே வருகிறது, ஒருநாள் நேரில் கூப்பிட்டுத் தொலைக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சும்மா இருக்க முடியாமல் கரையைச் சுற்றி நடந்தேன். எங்கள் தெருவைப் பார்த்து ஒரு மதகு இருக்கிறது. இரும்புப் பலகை, அதைத் தூக்கத் திருகுகிற சக்கரம், சக்கரத்தில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. பார்த்தவுடன் யார் வேலை என்று புரிந்தது. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

அவரே வாக்கிங் வந்தார். கேட்டேன்.

"தம்பி, ஆறு பொங்கினா இதைத் திறப்பீங்கல்ல?"

"திட்டத்துல அப்படித்தான்க்கா இருக்கு. அதுக்குத்தான் வீடெல்லாம் நாலு படி உயர்த்திக் கட்டியிருக்கு. தண்ணி ரோட்டோட வந்து அந்தப் பக்கமா வடிஞ்சிரும்."

"அப்புறம் எதுக்குப் பூட்டு?"

"இப்ப நிறைய பேர் கீழ்த்தளத்துல ரூம் போட்டுட்டாங்க. கார் நிக்குது. சும்மா போற பசங்க யாராவது திருகிட்டா?" என்று சொல்லிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தார். மூன்று தடவை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன் — பள்ளத்துக்குப் போகிற தண்ணீர் இனி எங்கே போகும்? இவர் சாப்பிட்டுக்கொண்டே, "சகலை பூட்டிட்டாருன்னா ஆறு என்ன பண்ணும் பாவம், திரும்பிப் போயிரும்" என்றார். நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

மலைப்பக்கம் நல்ல மழையாம். ஆற்றின் நிறம் மாறிவிட்டது.

செப்டம்பர் 5, வியாழன்

தங்கச்சியோடு சண்டை. போனில்தான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள், பேசும்போதும் ஊசி குத்துகிற மாதிரிதான்.

"அக்கா, மழை விடாது போல. அம்மாவ இங்க அனுப்பு. எதுக்கு அந்த வீட்ல வச்சு வதைக்கிற?"

வதைக்கிறேனாம்! அம்மாவின் முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பது யார், மாத்திரை கொடுப்பது யார், ரேடியோவுக்கு பேட்டரி மாற்றுவது யார்? வாய் சும்மா இருக்குமா எனக்கு. "உன் வீட்ல ஒரு கொக்கி கூடக் கிடையாது, நீ எங்கம்மாவப் பாத்துக்கப் போறியா?" என்றேன். எங்கம்மா என்றா சொன்னேன்? ஆமாம். அவளுக்கு அம்மா யாரோ போல. அவள் போனை வைத்துவிட்டாள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "ரெண்டு பேரும் என்னை ஒரு பையில போட்டு ஆளுக்கொரு காதைப் பிடிச்சு இழுங்கடி" என்றார்கள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒலிபெருக்கி வண்டி வந்தது. எல்லாரும் மேட்டிலிருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமாம். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு மெக்கானிக், "தண்ணி எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க, வர்ற நேரத்துல நாங்க எங்க போறது?" என்றார். ஒருவரும் போகவில்லை. இந்தத் தெருவில் வெள்ளத்துக்கு யாரும் போனது கிடையாது.

கட்டிலைத் தூக்கிக் கட்டினோம். இவர் ஒரு பக்கக் கயிறு, நான் ஒரு பக்கம். ஜன்னல் கட்டைக்கு மேல் ஒரு முழம். இவர், "இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?" என்றார். "எதுக்கு? அம்மா ஏறி இறங்க வேண்டாமா?" என்றேன். நான்தான் சொன்னேன்.

நாற்றுகளை மேல்தட்டில் அடுக்கியாகிவிட்டது. மண் வரப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு அறை. மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அம்மாவின் மாத்திரைப் பைக்குள் கிடந்ததால் இந்த நோட்டு தப்பித்தது. மீதி பிறகு.

செப்டம்பர் 13, வெள்ளி

எழுதிவிட்டால் தலையிலிருந்து இறங்கும் என்று எழுதுகிறேன்.

புதன் விடிந்தபோது தண்ணீர் வாசலில் இருந்தது. வழக்கம்போல வந்தது, கதவுக்கு அடியில் நுழைந்து, தரையில் வழி கேட்டுக்கொண்டு. அம்மாவைக் கட்டிலில் ஏற்றினோம். ரேடியோ, தண்ணீர் பாட்டில், ரொட்டி. முழங்கால் வரை வந்தது. சரி, இனி பள்ளத்துக்குப் போகத் தொடங்கும் என்று காத்திருந்தேன். போகவில்லை. எங்கே போகும்? மதில் இருக்கிறதே. முழங்காலிலிருந்து இடுப்பு. ஃபிரிட்ஜ் கயிற்றில் ஆடியது. இடுப்பிலிருந்து மேலே. நானும் இவரும் கட்டிலில் ஏறிவிட்டோம். மூன்று பேர் பாரத்தில் கொக்கி முனகியது.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். "மதகைத் திறக்கச் சொல்லு. தண்ணி நிக்குது. போகவே மாட்டேங்குது."

"அக்கா… இங்க கீழ்த்தளத்துல ஆளுங்க சாமான் இருக்கு. அவரு ஆபீஸ்ல மாட்டிக்கிட்டாரு. நான் கேட்டுச் சொல்றேன்."

கேட்டுச் சொல்கிறாளாம். யாரிடம்? எதை? அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. நான் போட்டுக்கொண்டே இருந்தேன், பேட்டரி சாகும்வரை.

அம்மாதான் முதலில் சொன்னார்கள். படுத்திருந்தபடியே, மெதுவாக: "என்னடி முதுகு ஜில்லுன்னு இருக்கு?"

தண்ணீர் கட்டிலின் நாடாவைத் தொட்டுவிட்டது. எத்தனையோ வெள்ளத்தை இந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அம்மா. ஒரு தடவைகூட அவர்கள் முகத்தில் பயத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். கயிற்றை இன்னும் ஏற்றலாம் என்றால் முடிச்சு தண்ணீருக்குள், ஆள் மேலே இருக்க எப்படி ஏற்றுவது?

மெக்கானிக்தான் காப்பாற்றினார். அவர் வீட்டுக் கூரையிலிருந்து எங்கள் கூரைக்குத் தாவி, ஸ்பேனரால் தகரத்தின் போல்ட்டைக் கழற்றினார். துருப்பிடித்த போல்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், அம்மா இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். தகரம் விலகி மழை முகத்தில் விழுந்தபோதுதான் மூச்சு வந்தது. இவர் கீழிருந்து தள்ள, மெக்கானிக் மேலிருந்து இழுக்க, அம்மா நடுவில் மாட்டிக்கொண்டு, "மெதுவாடா, நான் என்ன இன்ஜினா?" என்றார்கள். அப்போதும்.

கூரைமேல் உட்கார்ந்து பார்த்தேன். இந்தப் பக்கம் எங்கள் தெரு இல்லை, கூரைகள் மட்டும் இருந்தன. அந்தப் பக்கம் குடியிருப்பு ரோட்டில் வெறும் மழை ஈரம். கரைமேல் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார்கள். ஒரு மஞ்சள் குடை மதகுப் பக்கம் வந்தது, நின்றது, திரும்பிப் போனது. பிறகு தீயணைப்புப் படகு வந்தது.

ஒரு முழம். நான் சொன்ன ஒரு முழம்.

செப்டம்பர் 16, திங்கள்

வீட்டுக்குப் போனோம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு கதவு நிலைக்கு மேலே இருக்கிறது. நாற்று ஒன்றுகூட இல்லை. மேல்தட்டோடு போய்விட்டது.

ஆனால் வண்டல்! கொட்டகையில், திண்ணையில், அடுப்பில், அலமாரிக்குள், எங்கள் கல்யாண போட்டோவின் சட்டத்துக்குள். மூன்று வருஷமாக நான் கேட்ட மண் மொத்தமாக வந்திருக்கிறது, அதில் வைக்க ஒரு செடி இல்லை. முழங்கால் வரை புதைந்து நின்று சிரித்தேனா அழுதேனா, இவரைக் கேட்டால்தான் தெரியும். இவர் முதல்முறையாக ஒரு கிண்டலும் செய்யவில்லை.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து அம்மாவிடம், "ஒரு வாரத்துல கழுவி எடுத்துருவோம்" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் சின்னவ வீட்டுக்குப் போறேன்டி. எனக்குப் பயமா இருக்கு."

செப்டம்பர் 17, செவ்வாய்

அவள் கார் அனுப்பினாள். அவள் வரவில்லை. நல்லவேளை.

செப்டம்பர் 24, செவ்வாய்

கழுவுகிறோம், கழுவுகிறோம். கோடு மட்டும் போகவில்லை.

கடைசி வீட்டு டெய்லரம்மா தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டுக்காரர்களும் போகிறார்களாம். அவர்கள் தங்கள் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தெருவில் யாரும் கொக்கியைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

சாப்பிடும்போது இவர் மெல்ல, "நாமளும் போயிரலாமா?" என்றார்.

"எங்க?"

"எங்கயாவது. மேட்டுப் பக்கம்."

"மேட்டுல நர்சரி வைக்கவா? கல்லுல விதை போடவா?"

"அந்த மதகு பூட்டியிருக்கிற வரைக்கும் அடுத்த தடவையும் இதுதான். அடுத்த தடவ மெக்கானிக் வீட்ல இல்லன்னா?"

எழுந்து பாத்திரத்தைக் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும். அவர் சொல்வது சரி. அதுதான் கோபம். மதகு திறந்தால் இருக்கலாம், திறக்காவிட்டால் போக வேண்டும். என் வீடு, என் தொழில், எல்லாம் ஒரு பூட்டில் தொங்குகிறது. அந்தப் பூட்டுக்கு அந்தப் பக்கம் என் கூடப்பிறந்தவள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பூட்டு வந்தார். தனியாக, நடந்து. காபி வேண்டாம் என்றார். கூடத்தில் நின்று சுவரையே பார்த்தார். பிறகு கையைத் தூக்கி அந்தக் கோட்டைத் தொட முயன்றார். எட்டவில்லை. நுனிக்காலில் நின்று தொட்டார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

அப்படியே போய்விட்டார்.

அக்டோபர் 2, புதன்

அவள் வந்தாள். மஞ்சள் குடையோடு.

வாசலில் குடையை மடக்கி வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ பேரிடம் மஞ்சள் குடை இருக்கலாம் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீதானா?" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "சாவி எங்க வீட்ல ஃபிரிட்ஜ் பக்கத்துல ஆணியில மாட்டியிருந்துச்சுக்கா. நீ போன் பண்ணப்ப என் கைக்கெட்டுற தூரத்துல. எடுத்துக்கிட்டு மதகு வரைக்கும் போனேன். எல்லாரும் அங்க நின்னுக்கிட்டு என்னையே பாத்தாங்க. பக்கத்து வீட்டம்மா, 'உங்கக்கா தெருவுக்கு இது பழக்கம்தானே, ரெண்டு நாள் கட்டில்ல உக்காந்துக்குவாங்க'ன்னு சொன்னாங்க. எனக்கும்… அப்படித்தானே, கட்டில்ல உக்காந்துக்குவீங்கன்னு தோணுச்சு. திரும்பிட்டேன். நீங்க கூரைமேல இருந்தது மழையில தெரியல. சத்தியமா தெரியலக்கா."

தெரியலையாம். எனக்குக் குடை தெரிந்ததே. ஒரு குடையின் கலர் எனக்குத் தெரிந்தது, பெத்த தாய் கூரைமேல உக்காந்திருந்தது இவளுக்குத் தெரியலையா? கேட்டேனா? கேட்கல. வாயே எழல. எனக்கு, வாய் எழல!

"போயிரு" என்றேன். போய்விட்டாள். குடையை எடுக்காமலே போய்விட்டாள், மழையில்.

அக்டோபர் 3, வியாழன்

குடையை ஆற்றில் எறிந்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். மழை பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

விதைத் தட்டில் எலுமிச்சை முளைத்திருக்கிறது. இந்த வண்டலில் எதைப் போட்டாலும் வருகிறது, வெட்கமே இல்லாத மண். நாங்கள் போகப்போகிறோமா இல்லையா என்று முடிவாகாமலே விதைத்துவிட்டேன். கை பழக்கம்.

அம்மாவைப் பார்க்க நான் போவதில்லை, இவர்தான் போகிறார். இன்று வந்து சொன்னார், அம்மா அங்கே சரியாகத் தூங்குவதில்லையாம். அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்களாம். தங்கச்சி விளக்கு கண்ணைக் குத்துகிறதோ என்று நினைத்து எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தாளாம். கேட்டதற்கு அம்மா சொன்னார்களாம்: "பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லாத வீட்ல எப்படிடி தூங்கறது? தண்ணி வந்தா என்னை எதுல மாட்டுவ?"

"இங்க வராதும்மா"ன்னு அவ சொன்னாளாம்.

"அது நீ பூட்டி வச்சிருக்கிறதால. அதுதான் எனக்குப் பெரிய பயம்"ன்னு அம்மா சொன்னார்களாம்.

தங்கச்சி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாளாம். இவர் அதையும் சொன்னார், நான் கேட்காமலே.

அக்டோபர் 20, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். எங்கள் தெருவில் மிச்சமிருக்கிறவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மெக்கானிக்கும் நானும் இவரும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். நாற்காலியில் சும்மா உட்காரவே என்னால் முடியவில்லை, காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். இவர் என் முட்டியில் கை வைத்து அழுத்தினார்.

ஒருவர், மதகு திறந்தால் தன் கீழ்த்தள ஜிம் என்னாவது என்றார். இன்னொருவர், எங்கள் தெருவையே காலி செய்து மேட்டுக்கு அனுப்பினால் எல்லாருக்கும் நல்லது என்றார், பக்கத்தில் நாங்கள் இருக்கும்போதே, நல்ல எண்ணத்தோடு. மெக்கானிக், "சார், உங்க வீடுதான் எங்க தண்ணி படுக்கிற இடத்துல இருக்கு" என்றார். கூச்சல்.

அப்போது தங்கச்சி எழுந்தாள்.

"அன்னிக்குச் சாவி என்கிட்டதான் இருந்துச்சு. உங்க எல்லாருக்கும் தெரியும். நான் திறந்திருந்தா நமக்கு ரோட்டுல கணுக்கால் தண்ணி வந்திருக்கும், கீழ்த்தளம் நனைஞ்சிருக்கும். திறக்கல. எங்கம்மாவ கூரையப் பிரிச்சு எடுத்தாங்க. இனிமே எனக்கு அந்தச் சாவி வேண்டாம். இல்ல, திறக்கணும்னு சொல்லிக் குடுங்க, வச்சுக்கிறேன்."

எங்கம்மா என்றாள். அந்த வார்த்தையை நான் அவளிடமிருந்து பிடுங்கியிருந்தேன், அவள் எடுத்துக்கொண்டாள்.

பூட்டு எழுந்து, ஆற்றுப் பாலத்தின் தூணில் சிவப்புக் கோடு போடலாம், தண்ணீர் அதைத் தொட்டால் மதகைத் திறந்துவிட வேண்டும், ஒரு சாவி எங்கள் தெரு மெக்கானிக்கிடம் இருக்கட்டும் என்றார். கை தூக்கச் சொன்னார்கள். நிறைய கை எழவில்லை. எழுந்தவை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஜிம்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார்.

வெளியே அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். குடையைக் கொடுத்தேன், கொண்டு போயிருந்தேன். வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

போன். அவள்தான். எடுத்தேன், ஹலோ சொல்லவில்லை.

"அக்கா, கொக்கி எந்த இடத்துல போடணும்? தச்சர் வந்து நிக்கிறாரு. கூரையில ஓட்டை போட்டா கெட்டுப்போயிரும்ங்கிறாரு."

பேசாமலே வைத்துவிட்டிருக்கலாம். ஆனால் தப்பான இடத்தில் போட்டுத் தொலைத்தால்?

"அந்த வெள்ளை அட்டைல போடாத. அது தாங்காது. அதைப் பிரிச்சிட்டு மேல கான்கிரீட்ல போடச் சொல்லு. கட்டிலோட நாலு மூலைக்கும் நேர் மேல."

"எவ்வளவு உயரம் தூக்கணும்?"

ஒரு முழம் என்று வாய் வரை வந்தது. "எவ்வளவு முடியுமோ அவ்வளவு" என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மூன்று நாளாக மலைமேல் மழை. காலையில் பாலத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். மதியம் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.

மெக்கானிக்கைத் தேடி ஓடினேன். அவர் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தார். சாவியை எடுத்துக்கொண்டு இருவரும் தெருவில் ஏறிய தண்ணீரில் மதகுக்கு ஓடினோம். ஓடும்போது நினைத்தேன், திறக்க விடுவார்களா, நின்றுகொண்டு பார்ப்பார்களா, மறுபடியும் அந்தக் குடைகள்.

சங்கிலி கழன்று தரையில் கிடந்தது. பலகை முழுசாக மேலே. தண்ணீர் அந்த வழியாகக் குடியிருப்புக்குள் போய்க்கொண்டிருந்தது, பழைய வழியை மறக்காமல், நேராகப் பள்ளத்தைப் பார்த்து. கரைமேல் ஒரே ஒரு ஆள். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, நனைந்து. குடை இல்லை. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கொண்டு வரவில்லையாம்.

"ரொம்ப டைட்டா இருந்துச்சுக்கா" என்றாள்.

மெக்கானிக், "கிரீஸ் போடணும்" என்றார்.

நவம்பர் 13, புதன்

எங்கள் வீட்டில் முழங்காலுக்குக் கீழே. நாற்றுகள் அப்படியே இருக்கின்றன. இவர் ஞாயிறு இரவே எதிர்வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "கொக்கியைத் தூக்கிப் போட்டுராதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று தண்ணீர் வடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். செப்டம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் போகிறேன். நடுக்கூடத்தில் கூரை, வெள்ளை அட்டையைப் பிய்த்ததால், கோரமாக இருக்கிறது. நான்கு கொக்கி, நான்கு கயிறு, கட்டில் ஆள் உயரத்தில். வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, படியோடு நின்றுவிட்டது. இருந்தாலும் அம்மா மேலேயே இருக்கிறார்கள், இறங்க மாட்டேன் என்று, ரேடியோ கேட்டுக்கொண்டு. நன்றாகத் தூங்கினார்களாம். பூட்டு கீழே நின்று ஒவ்வொரு கயிற்றையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி வாசலில் துடைப்பத்தோடு நின்றாள். அவள் வாசல், ரோடு, பூங்கா எல்லாம் சாக்லேட் நிறத்தில் மெத்தென்று ஒரு படிவு. அவள் கால் விரலால் அதைக் கிளறினாள்.

"அக்கா, இந்தச் சேத்தை என்ன பண்றது? கழுவி விட்டுரட்டுமா?"

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றேன். "சாக்கு எடுத்துட்டு வர்றேன். உன் வாசல்ல ஒரு எலுமிச்ச வச்சிட்டு மிச்சம் எனக்கு."

"மிச்சம் முழுசுமா?"

"பாதி" என்றேன்.